கும்பகோணத்தில் ஒரு வாசலை மூடினோம்

"கும்பகோணம் போறேன்" என்று யாரிடம் சொன்னாலும், "எந்தக் கோவிலுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "வரும்போது வெத்தலை வாங்கிண்டு வர்றியா? ஒரு பித்தளை குத்துவிளக்கு பார்த்துட்டு வர்றியா?" நான் 2024-ம் வருஷம் தை மாதம் போனது கோவிலுக்கும் இல்லை, குத்துவிளக்குக்கும் இல்லை. வீட்டுக்குள் இருந்த ஒரு வாசலை மூடுவதற்கு!

சிரிக்காதீர்கள். ஒரு வாசலை மூட நாலு செங்கல், ஒரு சட்டி சாந்து போதாதா என்று நானும் நினைத்தவள்தான். போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அதில் எத்தனை சமாசாரம் இருக்கிறது என்று.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது கும்பகோணம் நகரம். என் மாமியார் வீடு அங்கே ஒரு பழைய தெருவில். என் கணவரின் தாத்தா காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும். 1988-ல் பாகப்பிரிவினை நடந்தபோது அதை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தார்கள். தெற்குப் பாதி பெரிய மாமனாருக்கு. வடக்குப் பாதி என் மாமனாருக்கு. தெருப்பக்கம் ஒரு ஜன்னலை எடுத்துவிட்டுத் தெற்குப் பாதிக்குத் தனி வாசல் வைத்தார்கள். ஆனால் இரண்டு கூடங்களுக்கும் நடுவே இருந்த வாசலை யாரும் தொடவில்லை. அதற்கு எங்கள் வீட்டில் 'நடுவாசல்' என்று பெயர்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நடுவாசல்தான் வீட்டிலேயே அதிகமாகத் தேய்ந்த இடம். டிகாஷன் போகும், ரசம் வரும், கைக்குழந்தை இடுப்பு மாறும். பெரிய அத்தை (மாமியாரின் ஓரகத்தி) அந்தப் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்வார். அத்தை இந்தப் பக்கம் உட்கார்ந்து அரிசி புடைப்பார். பேச்சு மட்டும் நிற்காது.

அது 2012-ல் நின்றது. காரணத்தைக் கேட்டால் உங்களுக்குக் கோபம்கூட வரும். பொதுக் கிணற்றில் மோட்டார் போட்டிருந்தார்கள். ஒரு மாதக் கரண்ட் பில்லில் யார் எவ்வளவு கொடுப்பது என்று ஆரம்பித்த வார்த்தை வளர்ந்து, நூற்றி நாற்பது ரூபாய்க்கு ஒரு கதவு சாத்தப்பட்டது! அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள். இந்தப் பக்கம் கதவை மறைத்துப் பீரோவும் வந்துவிட்டது. இரண்டு மாமாக்களும் காலமானார்கள். துக்கத்துக்குக்கூடத் தெருவைச் சுற்றித்தான் போய் வந்தார்கள். 2016 மகாமகத்துக்கு இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். அப்போதும் நடுவாசல் திறக்கவில்லை. ஒரு மகாமகத்துக்கும் அடுத்த மகாமகத்துக்கும் பன்னிரண்டு வருஷம் என்பார்களே, அத்தனை வருஷம் பேச்சில்லை.

சரி, இப்போது ஏன் மூட வேண்டும்? இரண்டு காரணம்.

ஒன்று, பெரிய அத்தையின் பிள்ளைகள் இருவரும் பெங்களூரில். "அம்மாவைத் தனியா விட முடியல, தெற்குப் பாதியை வித்துட்டு அழைச்சுக்கிட்டுப் போறோம்" என்று போன் செய்தார்கள். வாங்குகிறவர்கள், பத்திரப் பதிவுக்கு முன்னால் நடுவாசல் சுவராகிவிட வேண்டும் என்றார்கள். நியாயம்தானே?

இரண்டாவது, என் மூன்று வயதுப் பையன். கும்பகோணம் போகும்போதெல்லாம் இரண்டாவது ராத்திரியே அவனுக்கு இளைப்பு வந்துவிடும். சென்னையில் காட்டும் குழந்தை வைத்தியர், "அவன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஈரமோ, பூஞ்சக்காளானோ, கரப்பான்பூச்சியோ இருக்கா பாருங்க" என்றார். பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால்! காற்றும் வெளிச்சமும் படாத சாத்திய வாசல் என்பது கரப்பானுக்கும் கரையானுக்கும் கட்டிக்கொடுத்த சத்திரம்.

தாழ்ப்பாள் திறந்த அன்று

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலையில் கும்பகோணம். பொங்கல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தெருவெல்லாம் பெரிய பெரிய கோலங்கள், பாதி அழிந்தும் அழியாமலும். மூலைக்கு மூலை கரும்புச் சக்கை. அத்தை கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் கொத்தனார் வந்துவிட்டார். கூடவே ஒரு சித்தாள் பெண்.

பீரோவை நகர்த்தினோம். கதவின் அடியில் மண் கோடுகள். நிலையின் அடிக்கால் இரண்டடிக்குக் கரையான் தின்று பொரியாய் இருந்தது. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பக்கம் பூசிடலாம்மா. அந்தப் பக்கமும் பூசணும், தண்ணி காட்டணும். அந்த வூட்டுல சொல்லியாச்சா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். பிள்ளைகள் போனில் பேசி முடிவு செய்துவிட்டார்களே தவிர, பெரிய அத்தையிடம் நேரே போய் யாரும் கேட்கவில்லை! நடுச்சுவர் பாகப் பத்திரப்படி பொதுச்சுவர். சட்டப்படி பார்த்தாலும் சரி, மரியாதைப்படி பார்த்தாலும் சரி, இரண்டு பக்கமும் சம்மதம் வேண்டும்.

தெருவைச் சுற்றி நான் போனேன். பெரிய அத்தைக்கு எழுபத்தொன்பது வயது. இளைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "வேலை நடக்கட்டும்மா. என் கட்டிலை மட்டும் நகத்திக் கொடுத்துடு" என்றார்.

உள்ளே போனால், அவருடைய கட்டில் நடுவாசலை ஒட்டியே போட்டிருந்தது. அத்தனை பெரிய கூடத்தில் முற்றத்துக் காற்று வரும் இடமெல்லாம் காலியாக இருக்க, இந்தப் புழுக்க மூலையில்! "ஏன் பெரியத்தை, இங்கே படுத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஒன்பது மணிக்கு உங்க அத்தை ரேடியோவை அமத்துவா. காலையில அஞ்சரைக்குப் போடுவா. கேட்டுக்கிட்டே இருப்பேன். போன ஆவணியில ரெண்டு நாள் போடவே இல்ல. பயந்துட்டேன். அப்புறம்தான் பால்காரர் சொன்னார், காய்ச்சல்னு."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அத்தையின் ரேடியோ பீரோ மேலேதான் இருக்கும். "காது நல்லாத்தானே கேக்குது, ஏன் இவ்வளவு சத்தமா வைக்கிறீங்க?" என்று நான் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் சத்தத்தைக் குறைத்ததில்லை.

உபயோகமில்லாத வாசல் என்று நாங்கள்தான் பெயர் வைத்திருந்தோம்!

அந்தப் பக்கத் தாழ்ப்பாளைப் பெரிய அத்தையே நீக்கினார். இந்தப் பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்து வரவில்லை, கொத்தனார் சுத்தியால் தட்டினார். கதவு திறந்ததும் தெற்கு முற்றத்து வெயில் எங்கள் கூடத்துத் தரையில் நீளமாக விழுந்தது. இத்தனை வெளிச்சம் இந்தக் கூடத்துக்கு இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"காப்பி சாப்பிட்டியாக்கா?"

"இன்னும் இல்லடி."

அவ்வளவுதான். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான் அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

குழந்தைகளோடு ஊர் சுற்றினேன்

நிலையைப் பெயர்க்கும்போது கிளம்பும் தூசியும், கரையான் மருந்து நெடியும் குழந்தைகளுக்கு ஆகாது. ஆகவே அன்று முழுக்க அவர்களை வீட்டுப் பக்கமே வரவிடவில்லை. முதலில் சாரங்கபாணி சன்னதித் தெருவுக்குப் போனோம். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. 2003-லிருந்து அதை நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள். சின்ன வீடுதான். திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை, கூடம், அடுக்களை, பின்னால் கிணறு. "இவ்வளவு சின்ன வீட்லயா அவ்வளவு பெரிய கணக்குப் போட்டார்?" என்று கேட்டாள் என் ஏழு வயதுப் பெண். கும்பகோணத்து வீடுகளின் அமைப்பைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. வாசலில் நின்று பார்த்தால் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்பது புரிந்துவிடும்.

அந்தத் தெருவின் கோடியிலேயே பதினோரு நிலைக் கோபுரத்தோடு சாரங்கபாணி கோவில். பெருமாள் சன்னதியைக் குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர் மாதிரி கல்லிலேயே அமைத்திருக்கிறார்கள். என் பையன் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இந்தச் சன்னதிக்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல் வழியாகப் போக வேண்டும். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். நாங்கள் போனது தை மாதமாதலால் உத்தராயண வாசல் அப்போதுதான் திறந்திருந்தது. மற்றது சாத்தியிருந்தது. ஆறு மாதம் சாத்தி வைத்தாலும் அதை யாரும் சுவராக்கிவிடவில்லை. அதன் காலம் வரும்போது திறப்பார்கள். எத்தனையோ தடவை தரிசனம் செய்த கோவில்தான். அன்றைக்கு ஏனோ அந்தச் சாத்திய வாசல் முன்னால் சற்று நேரம் நின்றேன்.

எங்கள் வீட்டுக் கதவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாதி வீடு கைமாறுகிறது. மூடித்தான் ஆக வேண்டும்.

வேலை நடந்த விதம்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாசலை மூட நேரலாம். ஆகவே கொத்தனாரிடம் கேட்டும், கூட நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்லோ, செங்கல் வளைவோ, தனிப் பலகையோ சுவரின் பாரத்தைத் தாங்கினால் கவலை இல்லை. சில பழைய வீடுகளில் நிலையே பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் முட்டுக் கொடுக்காமல் நிலையைப் பெயர்க்கவே கூடாது. எங்கள் வீட்டில் செங்கல் வளைவு இருந்தது.

பழைய நிலையை உள்ளேயே விட்டுவிட்டு மேலே பூசுவது சுலபம்தான். ஆனால் மரம் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும். பூச்சு அதே இடத்தில் கோடு விட்டு வெடிக்கும். கரையானுக்கும் தீனி. ஆகவே வாசற்படிக் கட்டை உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

வாசல் இடைவெளி மூன்றரை அடி அகலம், ஆறரை அடி உயரம். 9 அங்குலக் கனத்துக்குச் சேதாரம் சேர்த்து 260 செங்கல் வாங்கினோம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். பழைய சுண்ணாம்புச் சுவரோடு சேருகிற இடத்தில் சிமெண்டை அதிகமாகப் போட்டால் பலம் என்று நினைத்துவிடாதீர்கள். விறைப்பான புதுச் சாந்தும் இளகிய பழைய சுவரும் ஒத்துப்போகாது, பிளவு விடும்.

செங்கல்லைத் தண்ணீரில் குமிழி அடங்கும் வரை ஊறவைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு பிடிப்பு ஏது? நாலு வரிசைக்கு ஒரு தடவை பழைய சுவரைப் பக்கவாட்டில் குடைந்து, புதுச் செங்கல்லின் நுனியை உள்ளே செருகினார் கொத்தனார். "இல்லாட்டி புதுசு தனியா, பழசு தனியா நிக்கும்மா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகணும்" என்றார். ஒரே நாளில் நாலடிக்கு மேல் எழுப்பவில்லை. தூக்குக்குண்டு பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மேலே வளைவை ஒட்டிய கடைசி இடுக்கை மறுநாள்தான் சாந்து வைத்து இறுக்கி அடைத்தார். புதுக் கட்டு கொஞ்சம் இறங்குமாம். அன்றைக்கே அடைத்தால் மேலே முடி பிளவு விடும் என்றார்.

பழைய சுவர் 14 அங்குலக் கனம், புதுக் கட்டு 9 அங்குலம். மிச்சம் 5 அங்குலத்தை எங்கள் பக்கம் மாடமாக விட்டுவிட்டோம். கட்டும்போதே மூன்று கடப்பைக் கல் பலகைகளைச் செருகியாயிற்று. மேல் தட்டில் அத்தையின் மருந்துகள். குழந்தைகள் கைக்கு எட்டாது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பெரியவர்களின் மாத்திரை மேஜை மேல் கிடப்பது எத்தனை ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்சார வேலை ஏதாவது இருந்தால் பூச்சுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டில் கோழி வலை அடித்துப் பூசினால் வெடிப்பு வராது. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் வர்ணம். ஈரத்தின் மேல் வர்ணம் அடித்தால் மறுபடியும் பூஞ்சக்காளான்தான்.

இன்னொன்று. வாசலை மூடினால் ஒரு காற்று வழி போகிறது. மூடுவதற்கு முன் ஒரு வாரம் அந்தக் கதவை நன்றாகச் சாத்தி வைத்து அந்த அறையில் புழங்கிப் பாருங்கள். புழுக்கம் தெரிந்தால் வேறு பக்கம் ஜன்னலுக்கு வழி செய்துவிட்டு அப்புறம் மூடுங்கள். எங்கள் கூடத்துக்கு எங்கள் முற்றம் இருக்கிறது. பீரோவை மட்டும் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளியே போட்டோம்.

தண்ணீர் ஊற்றிய ஏழு நாள்

கட்டின சுவருக்கு ஏழு நாள் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும், இரண்டு பக்கமும். நாங்கள் ஐந்தாம் நாள் சென்னை திரும்ப வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் அத்தை ஊற்றுவார். அந்தப் பக்கம்?

"நான் ஊத்த மாட்டேனா?" என்றார் பெரிய அத்தை. குனிந்து செம்பு மொண்டு ஊற்ற அவரால் முடியாது என்று அத்தைக்குத் தெரியும். அதனால் தன் பக்கம் ஊற்றி முடித்ததும் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாராம். பன்னிரண்டு வருஷம் கதவு பக்கத்திலேயே இருந்தும் போகாதவர், அந்த வாரம் காலையும் மாலையும் ஒரு தெரு நடந்திருக்கிறார். "தண்ணி ஊத்த அஞ்சு நிமிஷம்தான். ஒரு மணி நேரம் ஆயிடுது" என்று போனில் சொன்னார்.

நிலையில் கரையான் தொடாத மேல் பகுதி நல்ல தேக்கு. அதை என்ன செய்வதென்று கேட்டபோது, "நீயே வெச்சுக்க" என்றார் பெரிய அத்தை. "உனக்குப் பாதி பாகம் உண்டுக்கா" என்றார் அத்தை. பத்திரத்தில் எழுதாத அந்தப் பாகத்தைத் தச்சர் பிரித்துக் கொடுத்தார். நிலைக்கால் அகலம் போதாதாகையால் துண்டு துண்டாகச் சேர்த்து இழைத்து இரண்டு மணைகள் செய்தார்.

ஒன்று எங்கள் கூடத்தில் இருக்கிறது. மற்றது தை கடைசியில் பெரிய அத்தையோடு பெங்களூருக்குப் போனது. "அங்க எல்லாம் மேஜை நாற்காலிதாண்டி, இது எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே புடைவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாராம்.

இந்த வருஷக் கோடை விடுமுறையில் குழந்தைகளோடு போயிருந்தேன். பத்து நாள் இருந்தும் பையனுக்கு இளைப்பு வரவில்லை. சுவர் வெடிக்கவில்லை, ஈரம் இல்லை. ரேடியோ பீரோவை விட்டு இறங்கி, மாடத்தின் நடுத்தட்டுக்கு வந்திருக்கிறது. காலை ஐந்தரைக்கு அத்தை அதைப் போட்டார். சத்தம் இதமாகத்தான் இருந்தது. ஆறு மணிக்கு அதை அமர்த்திவிட்டு, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனை எடுத்தார்.

"அக்கா, எழுந்துட்டியா? காப்பி ஆச்சா?"